பட்டியலில் வராத புது டிஸ்க்

ஊரப்பாக்கத்தில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, தேர்வு விண்ணப்பம் எல்லாம் அதில்தான். காலையில் அதைப் போட்டுவிட்டு, கடையைப் பெருக்கி, டீ குடித்து முடித்த பிறகுதான் திரையில் ஏதாவது வரும். வந்தவர்கள் என்னை ஒரு தரம், அதை ஒரு தரம் பார்ப்பார்கள்.

செங்கல்பட்டில் எனக்கு வழக்கமாக ரிப்பேர் பார்க்கிற அண்ணன், "எஸ்எஸ்டின்னு வேகமான புது டிஸ்க் கீது, அத்தப் போடும்மா, பறக்கும்" என்றார். வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடியைக் கழற்றி நானே மாட்டினேன். பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்ததை அப்படியே புதியதில் நகல் எடுத்தேன். இனி புதியதிலிருந்து தொடங்கு என்று மெஷினுக்குச் சொல்வதுதான் பாக்கி. மெஷினைப் போட்டதும் டெலீட் கீயைத் தட்டித் தட்டி, அதன் அமைப்புகளை மாற்றுகிற நீலத் திரைக்குள் போனேன். எதிலிருந்து தொடங்குவது என்று காட்டும் பூட் பட்டியலில் டிவிடி இருந்தது, பழைய டிஸ்க் இருந்தது. புதுசு இல்லை.

கேபிளை மாற்றினேன். வேறு துளையில் செருகினேன். அப்போதும் வரவில்லை.

என் வீட்டுக்காரர் சிறுசேரிக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறவர். அன்று லீவு. சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தவர் திறந்து கிடந்த சிபியூவைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"இன்னா இப்டி பிரிச்சிப் போட்டுக்கினு உக்காந்துகினு கீற? நாளைக்குக் கடை தெறக்கணுமே!"

"தெறப்பேன்" என்றேன். உள்ளுக்குள் பயம்தான்.

மறுநாள் மதியம் கடையைச் சாத்திவிட்டு, சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் செங்கல்பட்டுக்குப் போனேன். ரிப்பேர்கார அண்ணன் டிஸ்கைக் கழற்றித் தன் மெஷினில் மாட்டிப் பார்த்தார்.

"டிஸ்க்கு நல்லாத்தான் கீது. ஒன்னோட மதர்போர்டுதான் பழசு. அதுக்கு இதெல்லாம் புரியாது. போர்ட மாத்திடு."

"வேற வழியே இல்லியாண்ணா?"

"படிச்சவனுக்கே இதுல தல சுத்தும். நீ இதுல கைய வெக்காத, வுட்டுடு."

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்து, டைப்ரைட்டிங் முடித்தவள். அவர் சொன்னது சுருக்கென்றது. சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைக்கு வந்ததும் ஒன்று தோன்றியது. பழைய டிஸ்கை முழுசாகக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் வைத்துப் போட்டேன். பட்டியலில் வந்தது! சட்டென்று ஓடவும் செய்தது. அப்படியானால் போர்டுக்குப் புரிகிறது. பழையதைத் திரும்ப மாட்டினேன். புதியது மறைந்துவிட்டது. எல்லாம் நகலாகிவிட்டாலும், வாடிக்கையாளர்களின் ஃபைல்களுக்கு இன்னொரு பிரதி இருக்கட்டும் என்று பழையதைக் கழற்றி வைக்க மனம் வரவில்லை.

ஒரு நோட்டை எடுத்து, அந்த நீலத் திரையில் இருந்த ஒவ்வொரு வரியையும் எழுத ஆரம்பித்தேன். தெரியாத இங்கிலீஷ் வார்த்தைக்குப் போனில் அர்த்தம் பார்த்தேன். நடுவில் இரண்டு பேர் ஜெராக்ஸ் எடுக்க வந்து போனார்கள். ஆறாவது வரியோ ஏழாவதோ, 'ஹார்ட் டிஸ்க் வரிசை' என்கிற அர்த்தத்தில் ஒன்று இருந்தது. நான் கவனிக்காமல் தாண்டிப் போயிருந்த வரி. என்டர் தட்டினேன். உள்ளே இரண்டு பெயர்கள். முதலில் பழையது, அதன் கீழே புதியது.

அப்போதுதான் புரிந்தது. எத்தனை டிஸ்க் இருந்தாலும் இந்த போர்டு, முதலில் நிற்பதை மட்டும்தான் வெளிப் பட்டியலில் காட்டும். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் படம் மட்டும் முன்னால் இருப்பதுபோல. பிளஸ் கீயை ஒரு தட்டு தட்டினேன். புதியது மேலே ஏறியது. வெளியே வந்து பார்த்தால், பூட் பட்டியலில் அதன் பெயர். சேமித்துவிட்டு வெளியே வந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் திரை வந்துவிட்டது. யாரும் இல்லாத கடையில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

செங்கல்பட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, ஓடுது. போர்ட மாத்தல."

"இன்னா பண்ண?" என்றார். சொன்னேன்.

"இரும்மா, இரு. எழுதிக்கிறேன். எங்க போயி என்டர் தட்டுன?"

நான் நோட்டைப் பிரித்து, வரி வரியாக, நிதானமாகப் படித்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்... ம்..." என்று எழுதிக்கொண்டிருந்தார்.