ஓரத்திலிருந்து இரண்டு முழம்

இலுப்பூர் கடைவீதியில் பதினெட்டு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் அட்டையைக் கண்ணாடியில் கவிழ்த்துப் போடுகிற நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் ரோட்டைப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: காலை எட்டரை மணிக்கு இந்த வீதி மொத்தத்திடமும் திட்டு வாங்கிக்கொண்டு, ஒருவருக்கும் பதில் சொல்லாமல் போகிற ஒரே ஆள் அடைக்கலமேரிதான்.

அவளுக்கு ஐம்பது வயது. என்னை அண்ணே என்று கூப்பிடுவாள், அந்த உரிமையில் அவள் என்றே எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு அப்பால் இருக்கிற பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஸ்டோர் ரூம் சாவி அவளிடம்தான் இருக்கும். அவள் போய்த் திறந்து அரிசியும் பருப்பும் அளந்து போட்டால்தான் அங்கே அடுப்பு பற்றும். நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரிலிருந்து பச்சை லேடீஸ் சைக்கிளில் வருவாள்.

வருவதில் ஒன்றும் இல்லை, வருகிற இடத்தில்தான் வம்பு. ஊரில் சைக்கிள் ஓட்டுகிற எல்லோரும் ரோட்டின் விளிம்பில் சாக்கடையைத் தொட்டுக்கொண்டு போவார்கள். மேரி மட்டும் விளிம்பிலிருந்து இரண்டு முழம் உள்ளே தள்ளி, நூல் பிடித்த மாதிரி நேராகப் போவாள். பின்னால் லாரி ஹாரன் அடிக்கும். மேரி ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு அதே இடத்திலேயே போவாள். "ரோட்ட என்ன எழுதியா வாங்கிட்டா?" என்பான் பக்கத்து டீக்கடைக் கவியரசன். நடுரோட்டு மகாராணி என்று அவளுக்குப் பெயர் வைத்ததும் அவன்தான். நானும் சிரித்திருக்கிறேன். மகா திமிர் பிடித்தவள் என்று என் மனதுக்குள் ஒரு சர்ட்டிபிகேட்டும் கொடுத்திருந்தேன்.

மேரி சைக்கிள் கற்றது பதினேழு வயதில், ஊர் ஊராக எழுத்தும் சைக்கிளும் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்த சமயம், வாடகைச் சைக்கிளில். எங்கள் மாவட்டத்தில் அந்த வயதுப் பெண்கள் ஏகப்பட்ட பேர் அப்படிக் கற்றவர்கள். பெடல், பிரேக், பேலன்ஸ் எல்லாம் சொல்லிக்கொடுத்தவர்கள், ரோட்டில் எந்த இடத்தில் ஓட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு ரோடு மொத்தமும் காலியாகக் கிடந்தது, கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

அவள் புருசன் ஆரோக்கியதாஸ் சவூதியில் இருபத்துநாலு வருடம் டிரெய்லர் ஓட்டியவர். பதினெட்டுச் சக்கரம். போன வருடம்தான் ஒரேயடியாக ஊர் திரும்பி, பழைய குட்டியானை லோடு வண்டி ஒன்று வாங்கி, சிமெண்ட் மூட்டையும் பந்தல் நாற்காலியும் ஏற்றிக்கொண்டிருக்கிறார். நல்ல மனுசர், ஆனால் ரோட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் விட மாட்டார். அங்கே கோடு போட்டால் கோடு, இங்கே கோட்டின் மேல் கொள்ளு காயப் போடுகிறான் என்று என் கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பொருமுவார்.

வந்த புதிதில் ஒருநாள் முப்பது மூட்டை சிமெண்டோடு கடைவீதிக்குள் நுழைந்திருக்கிறார். முன்னால் ஒரு பெண் சைக்கிளில் போகிறாள், ஒதுங்குகிற வழியாக இல்லை. ஹாரனை அமுக்கினார். விட்டுவிட்டு அமுக்கினார். கடைசியில் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, ஓரமாப் போறதுக்கு என்ன கேடு?" என்று கத்தினார். அந்தப் பெண் திரும்பினாள். பார்த்தால் சொந்தப் பெண்டாட்டி.

"எந்த ஓரம்?" என்று கேட்டுவிட்டு மேரி அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். ஆரோக்கியதாஸ் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சைக்கிள் வேகத்தில் சிமெண்ட் கொண்டுபோனார். கவியரசன் அன்றைக்கு முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லியே டீ விற்றான்.

அதற்கப்புறம் வீட்டில் தினம் இதே பஞ்சாயத்து. ஒருநாள் மாலை, லைசென்ஸ் நகல் எடுக்கப் புருசனும் பெண்டாட்டியுமாக வந்தவர்கள் என் கடை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

"மச்சான், நீங்களே சொல்லுங்க," என்றார் ஆரோக்கியதாஸ் என்னிடம். "டீக்கடையில ஒருத்தன் மூஞ்சியில முழிக்க முடியல. நாளைக்கி எவனாச்சும் தட்டிவிட்டுப் போனா யாரு பாக்குறது? சைக்கிள பழைய இரும்புக்குப் போட்டுட்டு எங்கூட வண்டியில ஏறுன்னு சொல்றேன். நானே கொண்டுபோயி எறக்கிவிடுறேன்."

"ஒங்களுக்கு அறந்தாங்கிக்கு லோடு வந்துச்சுன்னா?" என்றாள் மேரி. "எண்பத்தாறு பிள்ளைக அன்னைக்கிப் பட்டினியா? இத்தன வருசத்துல ஒருத்தருகிட்டயும் எறக்கிவிடுங்கன்னு நான் கேட்டதில்லீங்க. இனிமேலயும் கேக்க மாட்டேன்."

"அப்ப ஓரமாவாச்சும் போ."

மேரி என் கடை வாசலில் நின்ற பைக்குகளைக் காட்டினாள். "இந்தா, இதுதான் ஓரம். இத ஒட்டிப் போனா எவனாச்சும் பைக்க பின்னால தள்ளுவான், கார்க்காரன் கதவத் தொறப்பான். அதுக்குத்தான் ஒரு கதவு அகலம் தள்ளிப் போறேன். ரெண்டு வண்டிக்கு நடுவுல காலியாக் கெடக்கேன்னு உள்ள புகுந்தா, திரும்ப வெளிய வாரப்ப பின்னால வாரவனுக்கு நான் எங்கிட்டிருந்து மொளச்சேன்னே தெரியாது. நேராப் போனா அவன் கண்ணுல பட்டுக்கிட்டே இருப்பேன். திட்டுறான்னா என்னயப் பாத்துட்டான்னு அர்த்தம். பாத்தவன் இடிக்க மாட்டான்."

எனக்கு அது சுருக்கென்றது, என் வாசல் பைக்குகளைச் சொன்னதற்காக மட்டும். ஆரோக்கியதாசுக்குக் காதிலேயே ஏறவில்லை. இருபத்துநாலு வருடம் டிரெய்லர் ஓட்டியவனுக்கு ரோட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டாம் என்றார். மேரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி. திங்கக்கெழம காலையில எட்டே காலுக்கு இதே சைக்கிள்ல நீங்க போங்க. மெடிக்கல் ஷாப்பு முக்குல இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும். நீங்க சொல்ற ஓரத்துலயே போகணும், கால் ஊனக் கூடாது. போயிட்டீங்கன்னா சைக்கிள நீங்களே இரும்புக்குப் போட்டுக்குங்க. போகலன்னா, இனிமே ஓரம்ங்குற வார்த்த ஒங்க வாயில வரக் கூடாது."

"நாகராசு மச்சான் சாட்சி," என்றார் ஆரோக்கியதாஸ், என்னைக் காட்டி மீசையைத் தடவிக்கொண்டு. அரைக் கிலோமீட்டர்தானே என்கிற மிதப்பு. அவர் ஜெயித்தால் மேரி இனிமேல் புருசனுக்கு லோடு இல்லாத நேரம் பார்த்துத்தான் வேலைக்குப் போக வேண்டும். அவள் சொன்ன சொல் மாறுகிறவள் இல்லை.

திங்கட்கிழமை கவியரசன் வழக்கத்தைவிட ஒரு பால் பாக்கெட் கூடுதலாகக் காய்ச்சினான். மெடிக்கல் ஷாப் முக்கில் மேரி சைக்கிளைப் புருசன் கையில் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கத் தயாரானாள். நான் கடையைத் தெய்வத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு அவளோடு நடந்தேன்.

ஆரோக்கியதாஸ் ஏறினார், மிதித்தார், நேராக ரோட்டின் வலது பக்கத்துக்குப் போனார்.

"அண்ணே, லெஃப்டு! லெஃப்டு!" என்று வீதியே கத்தியது. சவூதியில் வலது பக்கம் ஓட்டிப் பழகிய உடம்பு அது. குட்டியானையில் ஸ்டியரிங் இருக்கிற பக்கத்தைப் பார்த்தே ஞாபகம் வந்துவிடும்; சைக்கிளில் அப்படி ஒரு ஆதாரமும் இல்லை. எதிரே வந்த மாவு வண்டிக்காரர் கும்பிட்டு வழிவிட்டார். மேரி வாய்விட்டுச் சிரித்தாள். "அது கணக்கில்லீங்க, இடது பக்கத்துலேருந்து ஆரம்பிங்க," என்று பெரிய மனசு பண்ணினாள்.

மறுபடி ஆரம்பித்தார். முதல் இருபதடி ராஜநடை. ஓட்டுக் கேட்க வந்தவரைப் போல இரண்டு பக்கமும் தலையாட்டினார். அதற்குள் என் கடை வந்துவிட்டது. வாசலில் ஏழு பைக்.

"என்ன மச்சான் இது?"

"கஸ்டமருங்க மாப்ளே," என்றேன். வேறென்ன சொல்வது?

பைக்குகளை உரசிக்கொண்டே போனார். ஒரு பைக்கின் பிரேக் லீவர் அவர் சட்டைப் பையில் மாட்டி, பையைப் பாதி கிழித்துக்கொண்டு விட்டது. அடுத்து இளநீர்க்காரர் குவித்திருந்த காலிக் கூடுகள். அதைத் தாண்டினால் காதுகுத்து பேனருக்குக் கட்டிய மூங்கில், சரியாகக் கழுத்து உயரத்தில். குனிந்தார். குனிந்த கண்ணுக்குக் கீழே சாக்கடை மூடி ஒன்று இல்லாமல் வாயைத் திறந்துகொண்டிருந்தது. வெட்டி ஒடித்துத் தப்பினார். கிழவர் ஒருவர் காரை நிறுத்திக் கதவைத் திறந்தார். இரண்டு விரற்கடை மிச்சம், சைக்கிள் நின்றுவிட்டது.

"கால் ஊனிட்டீங்க!" என்றான் பின்னாலேயே வந்த கவியரசன்.

"கால் ஊனல. செருப்புத்தான் பட்டுச்சு."

மேரி அதையும் விட்டுக்கொடுத்தாள். எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. என்ன சாட்சி நான், வாயைத் திறந்து தப்பு என்று சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை. அதற்குள் அவர் பஸ் ஸ்டாண்டை நெருங்கிவிட்டார், இன்னும் ஐம்பதடிதான் இருந்தது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ராஜநடை எல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் மனுசர் ஜெயிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன், பக்கத்தில் மேரியும் சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

அங்கே ஓரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. அதற்கும் அதன் முன்னால் நின்ற பழ வண்டிக்கும் நடுவில் இருந்த சந்தில் ஆரோக்கியதாஸ் நுழைந்தார். நுழைந்தபின் போக வழியில்லை. கால் ஊன்றக் கூடாதே என்கிற ஒரே குறியில், திரும்பியும் பார்க்காமல், பழ வண்டியைச் சுற்றிச் சட்டென்று வெளியே வந்தார்.

பின்னால் டவுன் பஸ். பிரேக் போட்ட சத்தத்தில் பழ வண்டிக்காரர் தராசைக் கீழே போட்டுவிட்டார். பஸ் நின்றபோது அதன் முகப்புக்கும் சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் ஒரு முழம்கூட இல்லை. ஆரோக்கியதாஸ் இரண்டு காலையும் ஊன்றி, கையால் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"யோவ், வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று பஸ் டிரைவர் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

ரோட்டைத் தாண்டி ஓடிய மேரி, "சொல்லிட்டுத்தாண்ணே வந்தாரு. வீட்டுக்காரி நாந்தான், கொஞ்சம் பொறுத்துக்கங்க," என்றாள். வீதியே சிரித்தது. டிரைவரும் சிரித்துவிட்டார்.

ஆரோக்கியதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸின் முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை உயரத்தில் உட்கார்ந்து பழகியவர், கீழே நின்று அதைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"மேரி," என்றார். "அவனுக்கு நான் தெரியவே இல்ல."

"ம்."

"நீ எப்புடிக் கண்டுபுடிச்ச இதையெல்லாம்?"

மேரி அவருடைய கிழிந்த சட்டைப் பையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "நீங்க போன் பண்ணுறப்பல்லாம் ஓரமாப் போ, ஓரமாப் போன்னு சொல்லுவீங்க. சரின்னு ஓரமாத்தான் போயிக்கிட்டிருந்தேன். நம்ம பிள்ள அன்புமொழி ஆறாவது படிக்கையில, இதே மாதிரி ஒரு ஆட்டோவச் சுத்தி வெளிய வந்தேன். வேன்காரன் தட்டிட்டான். தோள்பட்ட எலும்பு," என்றாள்.

அவர் அவள் தோளைப் பார்த்தார். "பாத்ரூம்ல வழுக்கிருச்சுன்னு சொன்னியே. சொரசொரப்பா டைல்ஸ் போடச் சொன்னேனே."

"போட்டேன்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அங்கிட்டிருந்து நீங்க என்ன பண்ணுவீங்க? அழுதுக்கிட்டே டிரெய்லர் ஓட்டுவீங்க."

அந்தச் சமயம் அவள் கையில் கட்டோடு என் கடைக்கு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. பாத்ரூம் என்றுதான் எனக்கும் சொன்னாள். நானும் சரி என்று நம்பினேன்.

பஸ் டிரைவர் மெதுவாக ஒரு ஹாரன் அடித்தார். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. மணி எட்டு நாற்பது. மேரி சைக்கிளை வாங்குவதற்குக் கை நீட்டினாள். தோற்றவர் கொடுக்க வேண்டியதுதானே? கொடுக்கவில்லை. ஹேண்டில்பாரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"போகாத மேரி. பந்தயமெல்லாம் நீதான் ஜெயிச்ச, நான் இல்லேங்கல. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்குந்தான் இருக்கு," என்றாள் அவள். "தெனமும் இருக்கு. திரும்பித் திரும்பிப் பாக்குறேனே, பின்ன எதுக்காம்? கைய எடுங்க, பிள்ளைகளுக்கு அரிசி அளந்து போடணும்."

இத்தனை வருடமாக நான் திமிர் என்று நினைத்தது இதைத்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆரோக்கியதாஸ் கையை எடுத்தார்.