அழிக்கும் முன் நகல் எடு

பிழை தேடும் கருவிக்குக் குறிப்பு எழுதுகிறவரை, கருவி ஒழுங்காக ஓடும்வரை யாருக்கும் தெரியாது. சொதப்பினால்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். குறிப்பு எழுதிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு மென்பொருள் எங்கே, எப்போது, ஏன் தடுக்கி விழுந்தது என்று கண்டுபிடிக்க எங்கள் கம்பெனி ஒரு கருவி விற்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதுவது என் வேலை. கொல்லிமலையில், செம்மேட்டில் என் வீட்டிலிருந்தே எழுதுகிறேன். முன்பு இன்ஜினீயர்கள் படித்தார்கள், அதாவது படிப்பதாகச் சொன்னார்கள். இப்போது, கருவியைத் தானே ஓட்டிப் பிழை தேடும் ஏ.ஐ. ஏஜென்ட் படிக்கிறது. நிஜமாகவே ஒரு வரி விடாமல் படிக்கிறது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கழுவிய தடயம்

பஸ் டிக்கெட் விற்கும் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே சீட் இரண்டு பேருக்குப் போய்க்கொண்டிருந்தது. காரணம் தேட எங்கள் ஏஜென்டை இறக்கினார்கள். என் குறிப்பில், 'பழைய லாக்கை அழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கவும்' என்று இருந்தது. மென்பொருள் தான் செய்ததையெல்லாம் வரிவரியாகப் பதிந்து வைப்பதுதான் லாக்.

அழிக்கும் முன் நகல் எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, டீ குடிக்கும்போது பக்கத்து சீட்காரர் சொல்லிவிடுவார். அதனாலேயே யாரும் அதை எழுதிவைக்கவில்லை, நானும்தான். ஏஜென்டுக்கு டீயும் கிடையாது, பக்கத்து சீட்டும் கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்தது. ஒரு வரி மிச்சமில்லாமல் அழித்துவிட்டது. வாடிக்கையாளர் போனில் கத்தினார்: "பஸ்ல ஒரு சீட்டுக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கறாங்க, நீங்க தடயத்தக் கழுவித் தொடச்சு வெச்சிருக்கீங்க!"

மேனேஜரின் கத்தரி

தப்பு என்னுடையது. ஒத்துக்கொண்டு, குறிப்பு முழுவதையும் திருப்பி எழுதினேன். எந்தக் கட்டளை எதை மாற்றும், எதை மாற்றினால் திரும்பக் கிடைக்காது, கருவி வெறும் பக்கத்தைக் காட்டினால் பிழை இல்லை என்று அர்த்தமா அல்லது தப்பான நேரத்தில் தேடுகிறோமா, எல்லாவற்றையும் எழுதினேன். குறிப்பு மூன்று மடங்கானது. மேனேஜர் வீடியோ காலில் வந்தார். "இதெல்லாம் காமன் சென்ஸ் மேடம். பாதியாக் குறைங்க. இல்லேன்னா ஏஜென்டே தனக்கு வேணுங்கறத எழுதிக்கும். நீங்க கீழ சேலத்து ஆபீஸ்ல வந்து போன் எடுங்க."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "ஒரு வரியும் குறைக்க மாட்டேங்க. குறைச்சுத்தான் ஆகணும்னா, அடுத்த தடவ அழியறதுக்கு நீங்க கையெழுத்துப் போடுங்க" என்றேன். கால் முடிந்ததும், அதில் கூடவே இருந்த, எங்கள் கருவிகளைச் சோதித்துப் பார்க்கும் ஸ்டெல்லா எனக்குக் குரல் செய்தி அனுப்பினாள்: "வாயக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம்லப்பா? ஆனா நல்லாத்தான் கேட்ட, போ."

சோளக்காட்டில் ஒரு கேள்வி

மறுநாள் பக்கத்து ஊரான சோளக்காட்டுச் சந்தைக்குப் பலாப்பழம் வாங்கப் போனேன். கடை போட்டிருக்கும் மல்லிகா என் முகத்தைப் பார்த்தே என்ன விஷயம் என்று கேட்டாள். வேலை போகப் போகிறது என்றேன். ஏஜென்ட், லாக், அழித்தது, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சுளையை எடுத்துக்கொண்டே கேட்டவள் கையை நிறுத்தினாள். "ஏனுங்கக்கா, எங்கூட்டுக்காரர மெளகு பறிக்க அனுப்பறப்பவே, சந்தேகம்னா கை வெக்காத, வந்து கேளுன்னு சொல்லித்தானுங்க அனுப்பறேன். அதுக்கு யாருமே அப்படிச் சொல்லலீங்களா?"

இரண்டு குறிப்பு, ஒரு ஏஜென்ட்

சொல்லவில்லைதான். அன்றைக்கே எழுதிச் சேர்த்தேன்: 'சந்தேகம் வந்தால் நிறுத்து, பொறுப்பாளரிடம் கேள்.' மேனேஜர் அவர் பங்குக்குப் பாதியாக வெட்டிய குறிப்பு ஒன்றைத் தயார் செய்திருந்தார். இதற்குள் அதே சீட் கோளாறு மறுபடி வந்து, புது லாக் கிடைத்திருந்தது. ஸ்டெல்லா அதன் நகலை வைத்து, வீடியோ காலில் எல்லோர் முன்னாலும் இரண்டு குறிப்புகளையும் சோதித்தாள்.

மேனேஜரின் குறிப்பைப் படித்த ஏஜென்ட் தப்பான தேதியில் தேடியது, வெறும் பக்கத்தைப் பார்த்தது, 'பிழை எதுவும் இல்லை' என்று சந்தோஷமாக அறிவித்தது. என் குறிப்பைப் படித்த ஏஜென்டோ வெறும் பக்கத்தைப் பார்த்ததும் தேதியைத் திருத்திக்கொண்டு, இரண்டு கவுன்டர்கள் ஒரே நொடியில் ஒரே சீட்டைப் பிடிப்பதைக் கண்டுபிடித்தது. அழிக்கும் கட்டம் வந்ததும் நின்றுவிட்டது. 'அழித்தால் மீட்க முடியாது என்று குறிப்பில் உள்ளது. நகல் எடுத்துவிட்டேன். அழிக்கலாமா?' என்று கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். மேனேஜர் தொண்டையைச் செருமினார்: "சரி மேடம், உங்க குறிப்பே இருக்கட்டும், நீங்களும் அங்கயே இருங்க. ஆனா 'இதைச் சுருக்குபவர் தம் பெயரை இங்கே எழுதவும்'னு கடைசியில போட்டிருக்கீங்களே, அத மட்டும் எடுத்துடலாமா?"

அந்த வரியை நான் எடுக்கவில்லை, மலையை விட்டு இறங்கவில்லை, இதுவரை அங்கே ஒருத்தரும் பெயர் எழுதவும் இல்லை.