இரண்டு வழியாகப் போன பயோடேட்டா

மருந்துத் தொழிற்சாலையில் பதினேழு வருடம் தரச் சோதனை பார்த்தவர். லேபிளில் ஒரு எழுத்து மங்கியிருந்தாலும் பிடித்துவிடுவார். அதனால் எல்லோருக்கும் அவர் ‘லேபிள் அக்கா’. அந்தப் பிரிவையே இழுத்து மூடியபோது அக்காவுக்கு வயது நாற்பத்து நான்கு. வேலை தேடிப் பழக்கமே இல்லை. முதல் வேலையும் பள்ளித் தோழி கையோடு கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டதுதான்.

திங்கட்கிழமை வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு ஏஜென்சிக்காரர் போன் செய்தார். “பெரிய கம்பெனிக்கா. உங்களுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி வேலை. பயோடேட்டாவ அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்.” அக்கா உச்சி குளிர்ந்து அனுப்பிவிட்டார். கம்பெனியின் பெயரை அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை வேறொரு ஏஜென்சிப் பெண் அழைத்தார். கம்பெனியின் பெயரைச் சொல்லி, “உங்க பேர அங்க அனுப்பலாமா?” என்று கேட்டார். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமே என்று அக்கா ‘சம்மதம்’ என எழுதி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முதலாமவர் அழைத்தார். குரலில் அந்தத் தேன் இல்லை.

“அதே கம்பெனிக்கு வேற யார் மூலமா அனுப்பினீங்க? ஒரே ஆள ரெண்டு ஏஜென்சி அனுப்பினா, கம்பெனி ரெண்டையும் தூக்கிக் குப்பையில போட்டுடும்!”

அக்கா பதறிப்போய்ச் சொன்னார்: “எனக்குத் தெரியாதே தம்பி...”

“ஒப்புதல் படிவம் அனுப்பறேன். நான்தான் முதல்ல அனுப்பினேன்னு காட்ட, போன திங்கட்கிழமை தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டு, பன்னெண்டு மணிக்குள்ள அனுப்புங்க. இல்லேன்னா இந்த வேலைய மறந்துடுங்க.”

பேருந்து ஓட்டுநரான கணவர் வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். “ஒரு தேதிதானே, போட்டு அனுப்பிடேன்.”

“முன்தேதி போட்ட பெட்டி ஒண்ணக்கூட நான் வாசல் தாண்ட விட்டதில்லங்க.”

“அது மருந்து. இது நம்ம சோறு.”

படிவம் வந்துவிட்டது. அக்கா பேனாவை எடுத்தார், வைத்தார். பத்தே முக்காலுக்கு அந்த இரண்டாவது ஏஜென்சிப் பெண்ணை அழைத்து நேராகவே கேட்டார்: “உங்களுக்குச் சம்பளம் யாரு தராங்க?”

“கம்பெனிதான்க்கா. நாங்க அனுப்பின ஆள எடுத்தா எங்களுக்குக் கமிஷன். உண்மையச் சொல்லணும்னா, நாங்க ஆளுக்கு வேலை தேடுறவங்க இல்ல, வேலைக்கு ஆள் தேடுறவங்க.”

இத்தனை நாள் தனக்காக அலைகிறார்கள் என்று நினைத்தவருக்கு முகத்தில் தண்ணீர் தெளித்தது போலிருந்தது. ஆனால் தலை தெளிந்தது. கம்பெனியின் பணியாளர் பிரிவு மின்னஞ்சலைத் தேடிப் பிடித்து எழுதினார்: யார் எப்போது அழைத்தார்கள், யார் கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள், தான் யாருக்குச் சம்மதம் கொடுத்தார். ‘சம்மதம்’ என்று எழுதிய அந்தச் செய்தியின் படத்தையும் இணைத்தார். பதினொன்று ஐம்பதுக்கு அனுப்பினார்.

பன்னிரண்டு அடித்ததும் முதலாமவரின் அழைப்பு. “இனிமே எந்தக் கம்பெனியும் உங்கள உள்ள விடாது, பாருங்க!”

அந்தச் சனியும் ஞாயிறும் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் ஜாடைமாடையாகக்கூட ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் உறுத்தியது.

திங்கள் மதியம் கம்பெனியிலிருந்தே அழைத்து, சம்மதம் கேட்டு அனுப்பிய ஏஜென்சியையே ஏற்பதாகச் சொன்னார்கள். புதன்கிழமை நேர்காணல். அக்கா நன்றாகத்தான் பேசினார். ஆனால் வேலை அந்தக் கம்பெனிக்குள்ளேயே இருந்த ஒருவருக்குப் போனது. நேர்காணல் வரை தினம் மூன்று முறை அழைத்த ஏஜென்சிப் பெண் அதன்பின் போனை எடுக்கவே இல்லை. ஒரு நாள் முழுக்க மனசு வலித்தது. பிறகு, அவர் வேறு வேலைக்கு வேறு ஆள் தேடப் போயிருப்பார் என்று புரிந்தது.

இரண்டரை மாதம் கழித்து, குழந்தை உணவு தயாரிக்கும் இடமொன்றில் வேலை கிடைத்தது. அனுப்பியது மூன்றாவது ஒரு ஏஜென்சி. சேர்ந்த அன்று அவர்கள் வாழ்த்துச் சொல்ல அழைத்தபோது, அக்கா சோதனை மேசையில் இருந்தார்.

“சந்தோஷம்மா. உங்க கமிஷன் வந்துடுச்சா?” என்று கேட்டார். எதிர்முனையில் இருந்தவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.