கடைசிச் சொட்டில் விளையும் உலோகம்

தட்சணாமூர்த்தி எங்களோடு மரக்காணம் அளத்தில் உப்பு வாருகிறவன். 2005 கோடையில் அவனுக்குக் கிறுக்குப் பிடித்தது. வேறு எப்படிச் சொல்ல? கடைத்தெருவில் புதிதாக வந்த பிரவுசிங் சென்டரில் ஒரு கேம். டிராகன், மந்திரவாதி, மலைக்கோட்டை எல்லாம் உண்டு. அந்த உலகத்தில் அஸ்ட்ரினா என்று ஓர் உலோகம். லட்சம் பேர் தேடியும் நாலைந்து பேருக்குத்தான் கிடைத்ததாம். அதில் வாள் அடித்தால் மலையையே பிளக்கலாமாம். இவன் அளத்து வேலையைப் போட்டுவிட்டு அதைத் தேடப் போனான்.

அவன் மனைவி சந்தியாவுக்கு அப்போது ஆறு மாதம். பாதி நாள் அவள் மட்டும்தான் வந்து உப்புக்கூடை சுமப்பாள். ஒருநாள் வரப்பிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டாள். ஆத்திரம் தாங்காமல் அவனை நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். அவள் வயிற்றில் கையை வைத்து, "அது கெடைச்சிட்டா அன்னைக்கே விட்டுடறேன். இந்தப் புள்ள மேல சத்தியம்" என்றான்.

"கெடைக்கலன்னா?" என்று சந்தியா கேட்டாள்.

ஆனால் கிடைக்கும்போல்தான் இருந்தது. கேமில் மலை உச்சியில் ஒரு பச்சை ஏரி. நிரப்பவும் வடிக்கவும் கரையில் ஒரு மடை. அந்தத் தண்ணீரை நெருப்புக்கல்லால் காய்ச்ச வேண்டும். கடைசிச் சொட்டும் வற்றினால் அடியில் அஸ்ட்ரினா உறையும். ஆளுக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு. அவனை இழுத்துவரப் போன நானும் பின்னால் நின்று பார்த்தேன். மத்தியானம், சென்டரில் வேறு யாரும் இல்லை.

ஏரி வற்றி, அடியில் வெள்ளையாகப் பூத்தது. மேலே கொஞ்சம் தண்ணீர் மட்டும் பளபளத்தது. அளத்தில் அந்தத் தண்ணீரை நாங்கள் வற்ற விடமாட்டோம். விட்டால் உப்பு கசந்துவிடும். மடையைத் திறந்து வடித்துவிடுவோம். சின்ன வயதிலிருந்து செய்து பழகிய கை. அவன் யோசிப்பதற்குள் மவுஸ் மடைமேல் போய் அழுத்திவிட்டது. தண்ணீரோடு எல்லாமே வடிந்து போயிற்று.

"மடையத் தொறந்துட்டேன்டா" என்றான்.

புது ஆளாக முதலிலிருந்து தொடங்கவா என்று திரை கேட்டது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி உட்கார்ந்துவிடுவான் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் எழுந்துவிட்டான். நேராக வீட்டுக்கு நடந்தான், நானும் பின்னாலேயே போனேன்.

சந்தியா வெடித்த பாதங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "கெடைச்சிடுச்சு" என்றான் அவளிடம்.

அவள் என்னைப் பார்த்தாள். "நெஜமாவா அண்ணே?"

"ஆமாம்மா" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மறுநாளிலிருந்து அவன் ஒழுங்காக வேலைக்கு வந்தான். அவளைக் கூடை தூக்க விடவில்லை. அவள் வாய் சும்மா இருந்தால்தானே? லட்சம் பேர் தேடினது எங்க வூட்டுக்காரருக்குக் கெடைச்சுது என்று தெருவெல்லாம் சொன்னாள். அவள் சொல்லும்போதெல்லாம் அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் அன்று சந்தியா யார் பேச்சையும் கேட்கவில்லை. அஸ்ட்ரினா என்றே வைத்துவிட்டாள். பிள்ளை இப்போது தவழ்கிறது. தட்சணாமூர்த்தி இன்னும் அதைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறான்.