கன்றை விட்டுவிட்டுப் போன நாள்

எங்கள் மாடு அந்தப் பெண்கள் கல்லூரிப் புல்தரையில் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. நான்கு காலையும் ஒடுக்கிக்கொண்டு, காதை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டு, சுற்றி நிற்கிற பெண்களில் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுவதுபோல் பார்த்தது. தலைக்கு மேலே ஷாமியானா. அதன் ஓரத்தில், நம் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று தெலுங்கில் எழுதிய துணி. ஒரு மேசையில் கேழ்வரகுக் களி உருண்டைகள், இன்னொரு மேசையில் மண் உதறாமல் வேரோடு பிடுங்கி வைத்த வேர்க்கடலைச் செடி, அடுத்ததில் வெல்லம், நடுவில் எங்கள் மாடு. பால் பாக்கெட்டில் விளைவதில்லை என்று மாணவிகளுக்குக் காட்டுவதற்காக அதைத் திருப்பதி வரைக்கும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தோம். அக்கா அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு சாதாரணமாக நின்றாள். நான் ஷாமியானாக் கயிறு அறுந்தால் மாடு எந்தப் பக்கம் ஓடும், ஓடினால் எத்தனை பேர் மிதிபடுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாமனார் காலம் வரைக்கும் குழி நிலம்கூடச் சொந்தமில்லாத குடும்பம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இருந்தது அந்த ஒரு சீமை மாடுதான். அக்கா கறப்பாள், நான் பாலைக் கொண்டுபோய்ப் பால் கேந்திரத்தில் ஊற்றுவேன். அவள் காட்பாடிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். தெலுங்கு காதில் விழுந்தால் புரியும், வாயைத் திறந்தால் தமிழ்தான் வரும். நான் ஏழாவது வரைக்கும் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்து நின்றவள். அந்த ஏழாவதை வைத்துக்கொண்டு கேந்திரத்தில் தருகிற சீட்டை வரி விடாமல் படிப்பேன். ஃபேட் என்கிற கட்டத்தில், அதாவது வெண்ணெய்ச் சத்தில், ஒரு புள்ளி குறைந்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது. மாட்டுக்கு நோயோ, தீவனத்தில் கலப்போ, மெஷினில் கோளாறோ என்று வீட்டுக்கு வருவதற்குள் பத்துக் காரணம் கண்டுபிடித்துவிடுவேன். அக்கா சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல உன் அழுமூஞ்சிய ஏன்டி அச்சடிச்சிக்கிறாங்க” என்பாள்.

ஊரிலேயே எங்கள் பாலுக்குத்தான் ஃபேட் அதிகம். நாலரைக்குக் கீழே இறங்காது. அதில் கேந்திரத்தின் செக்ரட்டரிக்குப் பெருமை. அந்தக் கல்லூரியில் சத்துணவுப் பாடம் நடத்துகிற மேடம், கறக்கிற மாடு ஒன்று வேண்டும், மாணவிகள் எதிரில் கறந்து அங்கேயே மெஷினில் பரிசோதித்துக் காட்ட வேண்டும் என்று அவரிடம் கேட்டபோது, அவர் யோசிக்காமல் எங்கள் வீட்டைக் கைகாட்டினார். அக்காவிடம் போன் கிடையாது. மேடம் என்னுடைய போனில் பேசினார். என்ன கொண்டு வர வேண்டும், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று பொறுமையாகத் தெலுங்கில் சொன்னார். கன்றைப் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லை.

கன்று பிறந்து இருபது நாள். முந்தின வாரம்தான் கழிந்து கழிந்து துவண்டு, அப்புறம் தேறியிருந்தது. அதை வண்டியில் ஏற்றினால் பலகை இடுக்கில் குளம்பு மாட்டிக்கொள்ளும், மாடு சாய்ந்தால் நசுங்கிப்போகும், சந்திரகிரி தாண்டினதும் பஸ் ஹாரனுக்கு மிரண்டு வெளியே குதிக்கும் என்று மூன்று நாளாக எனக்கு அதே நினைப்பு. பயமாக இருக்கிறது என்று சொன்னால் அக்கா சிரிப்பாள். அதனால், “கன்னுகுட்டிய கொண்டு வர வேணாம்னு மேடம் சொல்லிட்டாங்கக்கா” என்று சொன்னேன். என்னவோ மேடமே சட்டம் போட்டதுபோல. அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு, “சரி. தவுடும் புண்ணாக்கும் ஒரு படி சேத்து எடுத்துக்கோ” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சில மாடுகள் யார் கை பட்டாலும் பால் விடும். எங்கள் மாடு கன்று வந்து மடியை முட்டினால்தான் சுரப்பு விடும். அதற்கு முன்னால் காம்பைப் பிடித்தால் மடியின் அடியில் தங்கியிருக்கிற நீர்த்த பால்தான் வரும். சத்தெல்லாம் கடைசியில் வருகிற பாலில் இருக்கிறது. அதை மாடு கன்றுக்கென்று மேலே ஏற்றி வைத்துக்கொள்ளும். எனக்கு இது தெரியாமல் இல்லை. வண்டி கிளம்பின பிறகுதான் இந்த நினைப்பு மற்ற பயங்களையெல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. வழி நெடுக மாட்டின் மடியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெந்நீரில் மடியைக் கழுவி, மாட்டோடு என்னென்னவோ பேசிக்கொண்டே கறந்தாள். தவிடு வைத்தோம். தவிட்டைத் தின்றது, பாலை விடவில்லை. செம்பு பாதி நிறைவதற்குள் காம்பு வற்றிவிட்டது. மாணவிகளுக்கு அது தெரியவில்லை. ஒரு பெண் செம்பைத் தொட்டுப் பார்த்து, பால் சூடாக இருக்கிறது, யார் காய்ச்சினார்கள் என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். செக்ரட்டரி தன் மெஷினின் குழாயை அந்தப் பாலுக்குள் விட்டார். மாவட்டத்திலேயே நல்ல பால் என்று அவர் மைக்கில் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். சிவப்பு எழுத்தில் எண் வந்து நின்றது. ஃபேட் இரண்டைக்கூடச் சரியாகத் தாண்டவில்லை.

மேடம் மெஷினையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். செக்ரட்டரிக்கு முகம் செத்துப்போனது. வெட்கம் வந்த மனிதன் அதை யார் தலையிலாவது இறக்கி வைக்கத்தானே பார்ப்பான். அவர் சிரித்துக்கொண்டே முதலில் தெலுங்கில் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார். பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னார். “உங்க மாட்டுப் பாலு இதான்னா, தெனம் கேந்திரத்துல நாலரை காட்டுதே, அது யார் ஊட்டுப் பாலு? எருமைய எங்கம்மா கட்டி வச்சிக்கிறீங்க?”

மாணவிகள் சிரித்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. கண்ணெதிரில் கறந்த பால், கண்ணெதிரில் வந்த எண். தண்ணீர் கலந்தோம் என்று அவர் சொல்லியிருந்தால்கூட மறுக்க வழி இருந்திருக்கும். இது எருமைப் பாலைக் கலந்து தினமும் ஏமாற்றினோம் என்கிற பேச்சு. எங்கள் ஊரில் அந்தப் பேர் ஒருமுறை வந்துவிட்டால் கைக்குழந்தைக்குக்கூட அந்த வீட்டுப் பாலை யாரும் வாங்கமாட்டார்கள். கேந்திரத்தில் பேரை அடித்துவிடுவார்கள். அந்த மாட்டை விட்டால் இரண்டு வீட்டுக்கும் வேறு வழி கிடையாது.

அப்போது அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். மேடத்தைப் பார்க்கவில்லை, செக்ரட்டரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். இதோ கேட்கப் போகிறாள், நீங்கள்தானே கன்று வேண்டாம் என்றீர்கள் என்று மேடத்தைக் கேட்கப் போகிறாள், நான் எப்போது சொன்னேன் என்று அவர் சொல்லப் போகிறார் என்று எனக்குள் அத்தனையும் ஓடி முடிந்துவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “மாடு புது எடம்னு மெரண்டுக்கினு கீது” என்று மட்டும் சொன்னாள். மிரண்டால் பால் குறையும், வெண்ணெயுமா குறையும் என்று செக்ரட்டரி கேட்டார். அதற்கும் ஒரு சிரிப்பு.

கூட்டம் களி மேசைப் பக்கம் நகர்ந்ததும் செக்ரட்டரி எங்கள் கிட்டே வந்து குரலை இறக்கினார். மருந்துக் கடையில் ஊசி கிடைக்கும், போட்டால் ஐந்து நிமிடத்தில் மடியில் இருப்பதெல்லாம் இறங்கிவிடும், இன்னொரு தடவை மெஷினில் வைத்துக் காட்டினால் உங்கள் பேரும் போகாது, என் பேரும் போகாது என்றார். எனக்கு அந்த நிமிடத்தில் போட்டுவிட்டால் என்ன என்றுதான் தோன்றியது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அக்கா மாட்டின் கயிற்றை அவிழ்த்தாள். “ஊசி போட்டு ஒருநாளும் கறந்ததில்ல. இத்தினி பசங்க குடிக்கப்போவுது, இன்னிக்கா போடுவேன்?” என்றாள். அப்படியானால் நாளையிலிருந்து உங்கள் பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில் மடி கட்டிப்போய், வண்டி குலுங்கும்போதெல்லாம் பால் தானாகவே பலகையில் சொட்டியது. அங்கே வராத பால். அக்கா கல்லூரியில் கொடுத்த களியைப் பிட்டு என் கையில் வைத்து, “துன்னுடி. மாடுதான் மெரண்டுக்கினு கீதுன்னா நீயுமா” என்றாள். வீட்டில் கன்றை அவிழ்த்துவிட்டதும் அது விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்து முட்டியது. அன்றைக்கு அக்கா கறக்கவில்லை. பாலெல்லாம் கன்றுக்கு என்று விட்டுவிட்டாள்.

இரண்டு நாள் பாலைத் தயிராகத் தோய்த்தோம். மூன்றாம் நாள் நான் மேடத்துக்குப் போன் செய்தேன். பொய்யை ஒப்புக்கொள்ளத்தான் கூப்பிட்டேன். ஆனால் வாயிலிருந்து வந்தது, கன்றோடு சேர்த்து ஒருதரம் வந்து பாருங்கள் என்பது மட்டும்தான். அவர் மறுநாள் காலையிலேயே இரண்டு மாணவிகளையும் செக்ரட்டரியையும் மெஷினையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அக்கா முதலில் வந்த பாலை ஒரு செம்பிலும் கடைசிப் பாலை இன்னொரு செம்பிலும் கறந்தாள். முதல் செம்பு கல்லூரியில் காட்டிய அதே எண்ணைக் காட்டியது. கடைசிச் செம்பு ஏழுக்கு மேலே போனது. செக்ரட்டரி நம்பாமல் குழாயைக் கழுவிவிட்டு மறுபடி வைத்தார். இரண்டையும் கலந்து வைத்தார். நாலரை. எருமையைப் பற்றி அவர் அப்புறம் பேசவில்லை. நாளைக்கு ஊற்றுங்கள் என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

மேடம் கன்றைத் தடவிக்கொண்டே, இதை ஏன் அன்றைக்கே கொண்டு வரவில்லை என்று கேட்டார். கன்றின் கயிறு என் கையில்தான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், “அவசரத்துல மறந்துட்டேன் மேடம். என் தப்புதான்” என்றாள் அக்கா. நான் அதை அப்படியே தெலுங்கில் அவருக்குச் சொன்னேன். அவள் சொன்னதை மாற்றாமல் சொன்னேன்.

கொஞ்ச காலத்தில் அக்கா குடும்பம் நாயுடுபேட்டைக்குப் போய்விட்டது. அக்காவின் வீட்டுக்காரருக்கு ஒரு கம்பெனியில் காவல் வேலை, அக்காவுக்கு அங்கேயே கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலை. இப்போது பாக்கெட் பால்தான் வாங்குகிறாள். இங்கே மாட்டை நான் கறக்கிறேன். மேடம் வருடா வருடம் கூப்பிடுகிறார், கன்றோடு போகிறேன். இரண்டு கண்ணாடி டம்ளரில் முதல் பாலையும் கடைசிப் பாலையும் காட்டி மைக்கில் பேசவும் பழகிவிட்டேன். அன்றைக்குச் சிரித்த பெண்கள் படித்து முடித்து எங்கெங்கேயோ போய்விட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு பேரைத் தவிர அவர்களுக்கு நாலரையை யாரும் காட்டவில்லை. யாராவது ஒருத்தி தன் பிள்ளைக்குப் பால் ஆற்றிக்கொண்டே, எருமைப் பால் கலந்து மாட்டிக்கொண்ட ஒரு பொம்பளையைப் பார்த்திருக்கிறேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்த வாயை நான் எங்கே போய்த் தேடுவது?

இந்த வருடமும் போனேன். ஒரு வருடம் கன்றை மறந்துவிட்டு வந்து அவமானப்பட்டோம் என்று வழக்கம்போல் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் நீலத் தாவணி போட்ட ஒரு பெண் மட்டும், யார் மறந்தது என்று கேட்டாள். எங்கள் அக்கா என்று சொல்லிவிட்டேன். நாக்கு அவ்வளவு சுலபமாகப் புரண்டது. கீழே இறங்கினேன். வண்டிக்குப் பின்னால் போய் அக்காவுக்குப் போன் செய்தேன். இப்போது அவளிடமும் ஒரு போன் இருக்கிறது. மேடம் அன்றைக்குக் கன்று வேண்டாம் என்று சொல்லவே இல்லை, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். அந்தப் பக்கம் தட்டு மோதுகிற சத்தம் கேட்டது.

“இத சொல்லவா வேல நேரத்துல கூப்ட்ட? அது எனக்கு அன்னிக்கே தெரியும். நீ போன வச்சிட்டு கன்னுகுட்டிகிட்ட போயி நின்ன பாரு, அப்பவே தெரியும்.”

தெரிந்துமா விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டேன்.

“கன்ன ஏத்தினா நீ ஏற மாட்ட. எனக்குக் கறக்கத்தான் தெரியும், அந்த ஜனங்கோகிட்ட தெலுங்குல பேச யாரு கீறா? தவுடு வச்சி எப்டியாவது கறந்துக்கலாம்னு உன்ன ஏத்திக்கினேன்.” மறுபடி தட்டு மோதுகிற சத்தம். “அந்தாளு எருமைன்னு சொன்னப்போ உன்னப் பாத்தேன். பேசுவன்னு பாத்தேன்டி.”

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

மாணவிகள் சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தார்கள். நீலத் தாவணிக்காரி எங்கே என்று தேடினேன். கடைசியில் தட்டோடு நின்றிருந்தாள். ஷாமியானாவுக்குள் மைக் செட்டுக்காரர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார். அண்ணா, அதைக் கழற்றாதீர்கள், நான் ஒன்று தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே அவரிடம் போனேன்.