அடுத்தவர் நோட்டீஸும் என் தொண்டையும்

மைக் பிடித்து ஊர் ஊராய் அறிவிப்புச் சொல்கிற தொழிலில் தொண்டை மட்டும்தான் நம்முடையது, அதிலிருந்து வருகிற சொல்லெல்லாம் அடுத்தவருடையது. எவரோ எழுதிக் கொடுத்ததை உரக்கப் படித்துப் பிழைத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்கள் வலி எனக்குத் தெரியும்.

அப்போது நான் மாயவரத்தில் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மேடைப் பேச்சாலேயே ஆட்சியைப் பிடித்தவர்கள் கோட்டையில் உட்கார்ந்திருந்த காலம் அது. வகுப்பில் பாதிப் பேர் தோளில் துண்டு, மீதிப் பேருக்கு அதை வாங்கும் யோசனை. ஒரு நல்ல படம் பார்த்தாலோ நல்ல பேச்சைக் கேட்டாலோ எனக்கு இரண்டு நாள் இருப்புக் கொள்ளாது. சோறு இறங்காது. நானும் பேச வேண்டும், என் சொந்த வார்த்தையை நாலு பேர் நின்று கேட்க வேண்டும். இந்த ஒரு ஆசைதான் என்னைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது.

கூத்தாநல்லூரிலிருந்து வந்து மாயவரத்தில் மைக் செட் கடை வைத்திருந்த ஜமால் பாய், அறிவிப்புச் சொல்ல ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு ஓடிப்போய்ச் சேர்ந்தேன். சனி, ஞாயிறு, லீவு நாட்களில் வேலை. ஒற்றை மாட்டு வண்டி, அதன் மேல் ஒரு குழாய் ஸ்பீக்கர், உள்ளே பாட்டரியும் நானும். வண்டி ஓட்டியவர் சாமிக்கண்ணு அண்ணன். ஒரு நாளைக்கு அவர் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

சண்டை இருக்கா இல்லையா

டூரிங் டாக்கீஸில் புதுப் படம் போட்டிருந்தார்கள். நோட்டீஸில் இருந்தது இரண்டே வரி. எனக்கு அது போதுமா? பொருளாதார வகுப்பில் வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நேரமெல்லாம் எழுதி, ஒரு பக்கத்துக்கு அடுக்குமொழி தயார் செய்தேன். ‘கண்ணீரும் காதலும் கைகோக்கும் காவியம், பாசமும் பண்பும் பந்தாடும் படைப்பு’ என்று போகும் அது. பாசமும் பண்பும் எதற்குப் பந்தாட வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. காதுக்கு நன்றாயிருந்தது, அவ்வளவுதான்.

நாலாவது ஊரில், தலையில் வைக்கோல் கட்டுடன் வந்த ஒருவர் வண்டியை மறித்தார். கட்டை இறக்காமலே முழுசையும் கேட்டார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஏற்ற இறக்கத்தோடு திரும்பச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னது: “அதெல்லாம் சரி தம்பி. சண்டை இருக்கா இல்லையா, ஒன்னு சொல்லு. கழுத்து வலிக்குது.”

யாரும் எடுக்காத படம்

இன்னொரு தடவை மழையில் நோட்டீஸ் ஊறி எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. படத்தை நான் பார்த்திருக்கவில்லை. திரும்பிப் போய் வேறு நோட்டீஸ் வாங்கி வந்திருக்கலாம். ஆனால் கையில் மைக் இருக்கிறது, வாய் சும்மா இருக்குமா? அறுவடைக் களத்தில் தங்கச்சியைத் தொலைத்த அண்ணன் ஒருவன், பத்து வருஷம் கழித்து அவளைக் கொள்ளிடம் பாலத்தில் பார்க்கிறான் என்று ஆரம்பித்தேன். தங்கச்சிக்குக் கண் தெரியாது. அண்ணன் இருமுகிற இருமலை வைத்தே அவனை அடையாளம் கண்டுபிடிக்கிறாள். நடவு முடிந்து கரையேறிய பெண்கள் சேற்றுக் காலோடு நின்று மூக்கைச் சிந்தினார்கள்.

அன்றைக்குக் கொட்டகை நிரம்பி வழிந்தது. ஓடியதோ ஒரு கொள்ளைக்காரன் படம். முடிந்த பிறகும் பெண்கள் எழுந்திருக்கவில்லை. தங்கச்சியைக் காட்டாமல் போகமாட்டோம் என்று மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைச் சமாதானம் செய்து அனுப்புவதற்குள் மேனேஜருக்கு உயிர் போய் உயிர் வந்தது. நான் டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். என்னைக் கண்டுபிடித்தவர் அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். தோளில் கை போட்டுச் சொன்னார்: “நீ சொன்ன படத்த எவனாவது எடுத்தா சொல்லு தம்பி. படப் பொட்டிய நானே போய்த் தூக்கிட்டு வரேன்.”

சோடா குடிக்கிற இடம்

அதற்கப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா? நாடகம் எழுதப்போகிறேன் என்று நோட்டு வாங்கினேன். மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். மறுபடி எழுதி, வாய்க்கால் மதகில் உட்கார்ந்து படித்துப் பார்த்து, அதையும் கிழித்துத் தண்ணீரில் விட்டேன். எதை எழுதினாலும் எங்கேயோ கேட்டது போலவே இருந்தது. எனக்கென்று ஒரு வரி வரமாட்டேன் என்றது.

அந்த நேரத்தில் சீர்காழியில் ஒரு பொதுக்கூட்டம். நெல் விளைகிற ஊரில் கஞ்சிக்கு அழுத குழந்தையைப் பற்றிப் பேச்சாளர் பேசினார். நடுவில் அவர் குரல் உடைந்தது. ஒரு மிடறு சோடா குடித்தார். மைதானம் மூச்சுவிடவில்லை. நான் தேம்பித் தேம்பி அழுதேன், மறுநாளே ஒரு துண்டு வாங்கினேன். அடுத்த வாரம் வேறு ஊரில் அதே பேச்சாளர். அதே குழந்தை, அதே கஞ்சி, அதே இடத்தில் குரல் உடைந்தது. எனக்குப் பாதியில் அழுகை நின்றுவிட்டது. யாரோ ஏமாற்றிவிட்டது போல் கோபமாக வந்தது. பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரைத் திருகிக்கொண்டிருந்த ஜமால் பாய் நிமிராமலே சொன்னார்: “எந்த எடத்துல அவருக்கு சோடா வேணும்னு சோடாக்காரனுக்கே தெரியும் தம்பி. உனக்குத்தான் இன்னிக்குத் தெரிஞ்சிருக்கு.”

ஒரே நாளில் இரண்டு நோட்டீஸ்

தை மாதம், சம்பா அறுப்பு. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள் ஆட்கள், முடியாது என்றார்கள் மிராசுதார்கள். அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் கதிர் முற்றினால் கூடவே போலீஸ் வேனும் வந்து நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கே இரண்டு அறிவிப்பு வந்தது. காலையில் மிராசுதாருக்கு, சாயங்காலம் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு. “உங்க ஊரு. வேணாம்னா சொல்லு, வேற ஆள அனுப்புறேன்” என்றார் பாய். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். என் குரலை என் ஊர் கேட்க வேண்டாமா என்ற நப்பாசை. துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காலை நோட்டீஸ் வறண்டு கிடந்தது. நாளை அறுப்பு ஆரம்பம், வராதவர்களுக்குப் பதில் வெளியூர் ஆட்கள் இறக்கப்படுவார்கள். அவ்வளவுதான். ‘வருவோர்க்கு வாழ்வு உண்டு, வராதோர்க்கு வரப்பிலும் இடமில்லை’ என்று நானாக ஒன்றைச் சேர்த்தேன். சாயங்கால நோட்டீஸ், கூலி உயரும் வரை யாரும் அரிவாள் எடுக்க வேண்டாம் என்றது. அதற்கும் சேர்த்தேன்: ‘பணிந்து போகிறவன் மனிதன் அல்ல, புல்லுருவி.’ இரண்டையும் சொல்லச் சொல்ல வாய் இனித்தது.

வண்டி எங்கள் தெருவில் திரும்பியது. அம்மா நாலைந்து பெண்களோடு நின்றிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மிராசுதார் வயலில்தான் அவள் நடவும் அறுப்பும். மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வண்டியை நிறுத்தினாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வழி கேட்பவள் போலத்தான் கேட்டாள்: “காலைல வராதவங்களுக்கு வரப்புல எடமில்லன்ன. இப்பப் போறவங்க மனுஷங்களே இல்லங்கிற. நாளைக்கு விடிஞ்சா நான் எங்கடா நிக்கிறது?”

நோட்டீஸில் இல்லாதது

அவள் கேட்ட இரண்டுமே எந்த நோட்டீஸிலும் இல்லை. இரண்டும் நான் எழுதியவை. எட்டு மாதம் தவித்துத் தவித்து நான் எழுதியதில் ஊர் நினைவில் வைத்தது அந்த இரண்டைத்தான். வெட்கத்தில் காது சுட்டது. “நீ போறியாம்மா?” என்று கேட்டேன். மைக்கை அணைக்காததால் ஊருக்கே கேட்டது. இல்லை என்று தலையாட்டினாள்.

எதுகை தேடினேன், ஒன்றும் வரவில்லை. மைக்கில் சொன்னேன்: “நான் சின்னப்பொண்ணு மகன் பேசுறேன். காலைல சொன்னது தப்பு. எங்க வீட்டுலேருந்து நாளைக்கு யாரும் அறுப்புக்குப் போகல.” பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா முன்னால் வந்து, தன் வீட்டையும் சேர்த்துச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அப்புறம் எதிர்வீடு, அதற்கடுத்த வீடு. போதும் என்று நான் மைக்கை வைக்கப் போனபோது சாமிக்கண்ணு அண்ணன் திரும்பிப் பார்த்தார்: “பாட்டரி இன்னும் இருக்கு. எல்லாப் பேரையும் சொல்லு.”

வாசிக்கிற ஆள்

பேச்சுவார்த்தை பத்து நாள் இழுத்துக் கால்படி கூடுதலில் முடிந்தது. மிராசுதார் வயலுக்கு அம்மாவை அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. பக்கத்து ஊருக்கு நடந்து போய் அறுத்தாள், ஒரு நாளும் அதை எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. நான் அறிவிப்புச் சொன்ன மறுநாள் திங்கட்கிழமையே கடைக்குப் போனேன். மிராசுதார் ஆள் எனக்கு முன்னால் வந்துவிட்டுப் போயிருந்தான். ஜமால் பாய் டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து சொன்னார்: “நீ பேசுறவனா ஆயிட்ட தம்பி. எனக்கு வாசிக்கிற ஆளுதான் வேணும்.”

எட்டு மாதம் ஊர் ஊராகக் கத்தியதில் நானாகச் சொன்ன உண்மை, எதுகை மோனை இல்லாத அந்த மூன்று வரிதான், அதற்கும் வேலை போய்விட்டது.