சங்கிலி கட்டாத சுருள்வில்

மனைவியின் முதலாண்டுத் திதிக்கு, மலையூரான ஹுன்னஸ்கிரியவில் அவள் பிறந்த வீட்டுக்கு எங்கள் பழைய காரிலேயே போக விரும்பினேன். ஆனால் கார் இடப்பக்கம் சரிந்து நின்றது. முன்சக்கரத்தின் மேலுள்ள சுருள்வில்லில் ஒரு சுற்று உடைந்திருந்தது. அந்த மலை வளைவுகளுக்கு அதை நம்ப இயலாது. அவள் அமர்ந்துவந்த பக்கம் அது. அவள் போனபின் அவ்விருக்கையில் எவரும் அமர்ந்ததில்லை. என் மைத்துனரான அவளுடைய தம்பிகூட, யாரும் சொல்லாமலே பின்னால் ஏறிக்கொள்வார்.

அன்று காலை வீட்டெதிரே ஹந்தானை மலை இருந்த இடத்தில் வெண்மை மட்டுமே இருந்தது. மூடுபனி முற்றம்வரை இறங்கியிருந்தது. மைத்துனர் குடையுடன் வந்தார்.

“கராஜில குடுத்தா முடிஞ்சிது அத்தான். இந்த வயசுல காருக்குக் கீழ படுக்கணுமா?”

“குடையை மடிச்சிட்டு டோர்ச்சைப் பிடி.”

“அக்கா பிடிச்ச டோர்ச்சா? அப்ப அவ மாதிரி திட்டவும் வேணுமே!”

காரின் சட்டத்தைத் தாங்கிகளில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினேன். சுருள்வில்லைச் சுமக்கும் இரும்புக் கையான கீழ்க்கைக்கு அடியில் ஜாக்கியை வைத்தேன். அந்தக் கையைப் பிடித்திருக்கும் மூட்டின் மரையைத் தளர்த்தி, ஜாக்கியைச் சிறிது சிறிதாக இறக்கினால், வில் தன் விசையை மெல்ல இழந்து வெளியே வரும். ஜாக்கி வழுக்கினாலோ, அது பாய்ந்து எதிரே இருப்பவரின் எலும்பை முறித்துவிடும்.

மரையில் திருகுசாவியை மாட்டினேன். எங்கோ பனிக்குள் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போயிற்று. அவ்வொலி அடங்கிய இடத்தில், பக்கத்தில் அவள் குந்தியிருப்பதாகவே தோன்றியது. எந்த மரையையும் தொடுமுன் அவள் கேட்பாள்: “ஜாக்கி வழுக்கினா இதை எது பிடிக்கும்?” நான் விடை சொன்ன பிறகே சாவி திரும்பும்.

“சங்கிலி” என்றேன், வாய்விட்டு.

“எந்தச் சங்கிலி?” என்றார் மைத்துனர்.

சங்கிலி சுவரோரம் சுருண்டு கிடந்தது. சாவியிலிருந்து கையை எடுத்தேன். அதைக் கட்டுவது என் வேலைகளின் வரிசையில் என்றுமே இருந்ததில்லை. அவள் கேட்பாள், நான் கட்டுவேன். வில்லின் சுற்றுகளினூடே அதைக் கோத்துச் சட்டத்தோடு பிணைத்தேன்.

“அக்கா மாதிரி இனி நீ கேளு, ‘இதை எது பிடிக்கும்’னு” என்றேன்.

அவர் ஒவ்வொரு முறையும் கேட்டார். கேலி ஏதுமின்றி, தமக்கையின் அதே அதட்டலோடு. ஜாக்கி இறங்க இறங்க வில் நீண்டு, ஒரு பெருமூச்சளவு ஓசையுடன் சங்கிலியில் சாய்ந்தது.

இரண்டு பக்கமும் புதிய விற்களைப் பூட்டினோம். திதியன்று கார் நிமிர்ந்து நின்றது. மைத்துனர் வழக்கம்போலப் பின்கதவைத் திறந்தார்.

“முன்னால வா” என்றேன்.

அவர் பின்கதவை மூடினார். பிறகு முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினார். அவருடைய பாரத்துக்குக் கார் இடப்பக்கம் இலேசாகத் தாழ்ந்தது.